கெஜம் என்ன விலை?

1943இல் கிளீவ்லேண்ட் நகரத்தில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய ஜோஆன் துணிக்கடை, 2025 மே மாதத்தோடு அமெரிக்கா முழுவதும் மூடப்பட்டுவிட்டது. மூடும் முடிவு வந்தபோது கிட்டத்தட்ட 800 கிளைகள் இருந்தன. 2024 மார்ச்சில் ஒருமுறை, 2025 ஜனவரியில் மறுமுறை என்று ஓராண்டுக்குள் இரண்டு திவால். ஹான்காக் என்ற இன்னொரு பெரிய துணிக்கடை 2016லேயே போய்விட்டது. பெருநகரத்துக்காரர்களுக்கு இது வணிகச் செய்தி. சிற்றூரில் இருந்துகொண்டு குவில்ட் தைக்கிற பெண்களுக்கு அப்படியில்லை. துணியைத் தொட்டுப் பார்த்து, அரை கெஜம், கால் கெஜம் என்று கையில் இருக்கிற காசுக்கு வெட்டி வாங்க இருந்த ஒரே இடம் பல ஊர்களில் அதுதான்.

இணையத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வது எளிது. துணி வாங்குவதில் பாதி வேலை விரல்களுடையது. நெசவு நெருக்கமா, கலகலவென்று இருக்கிறதா, கஞ்சியால் விறைத்து நிற்கிறதா, ஒரு முறை அலசினால் தொய்ந்துவிடுமா என்பதைத் திரை சொல்லாது. விலை குறைந்த துணியைத் தேடுகிறவருக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தேவை. ஏமாந்தால் தாங்கிக்கொள்ள அவரிடம் இன்னொரு கெஜத்துக்குக் காசு இல்லை.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவி ஓட்டத் தையல் போட்டுப் பிணைப்பார்கள். இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒன்று தைப்பதென்றால் முகம், அடி, விளிம்பு எல்லாம் சேர்த்துப் பதினைந்து கெஜத்துக்குக் குறையாது. குவில்டுக்கென்றே அச்சிடப்படும் நல்ல பருத்தித் துணி சிறப்புக் கடைகளில் கெஜம் 12, 13 டாலருக்கு வந்துவிட்டது. துணிக்கு மட்டுமே கிட்டத்தட்ட 200 டாலர். பஞ்சும் நூலும் தனி. தைக்க ஆகும் மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் வரைபடத்தை விரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களின் பெயரில் விற்கும் இந்தத் துணியில் பெரும்பகுதி அமெரிக்காவில் நெய்யப்படுவதில்லை. தென்கொரியா, ஜப்பான், பாகிஸ்தான், இந்தியா, இந்தோனேசியா என்று எங்கோ காடாத் துணியாக நெய்யப்பட்டு, வெளுத்து, அச்சாகி, கப்பலில் வருகிறது. 2010இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்து பருத்தி வயல்கள் மூழ்கின. அதே ஆண்டு இந்தியா பருத்தி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. 1870இல் அந்தச் சந்தை தொடங்கிய நாளிலிருந்து காணாத விலை அது. அடுத்த ஆண்டே பஞ்சு இறங்கிவிட்டது, துணிக்கடைச் சீட்டில் இருந்த விலை இறங்கவில்லை. பிறகு பெருந்தொற்றுக் காலத்துக் கப்பல் கூலி, 2025இன் இறக்குமதி வரிகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது.

விலை ஏறும்போது துண்டு சிறிதாகிறது. இரண்டரை அங்குல அகலத்தில் நாற்பது பட்டைகளை வெட்டிச் சுருட்டி, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். பார்க்க அழகு. கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் நாற்பது பட்டையையும் அடுத்தடுத்து வைத்து அளந்தால் 100 அங்குலம், அதாவது 2¾ கெஜத்துக்குச் சற்று மேல். விலை 40 டாலரைத் தாண்டும். உருளையிலிருந்து கெஜமாக வெட்டி வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவு. துண்டு சிறிதாவதால் செலவும் சிறிதாகிவிட்டது என்று கண் நம்புகிறது. சிக்கனம் வேண்டுபவர்கள் முதலில் விலக வேண்டியது இந்தச் சுருளிலிருந்துதான் என்பது என் உறுதியான கருத்து.

குவில்டை ஏழைகளின் கந்தல் கலை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் அதன் தொடக்கம் அப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலும் குவில்ட் தைத்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள். அவர்கள் ஏங்கிய துணிகளில் ஒன்று நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போனது. மசூலிப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கப்பலேறிய பூத்துணி. தூரிகையால் எழுதி, சாயவேரில் சிவப்பேற்றி, எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாத துணி. ஐரோப்பா அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை. தன் கம்பளி நெசவாளர்களும் பட்டு நெசவாளர்களும் நொடித்துப்போவதைப் பார்த்து இங்கிலாந்து 1700இல் அச்சுப் பருத்தித் துணியின் இறக்குமதியையே தடுத்தது. 1721இல் உடுத்துவதையும் தடுத்தது. அந்தத் தடை 1774வரை நீடித்தது.

அவ்வளவு அருமையான துணியைத் துண்டு துண்டாக நறுக்கிச் சதுரம் கட்ட யாருக்கும் மனம் வராது. அந்தப் பெண்கள் ஒன்று செய்தார்கள். ஒரு பூ, ஒரு பறவை, ஒரு கிளை என்று ஓரம் பிசகாமல் கத்தரித்தெடுத்து, விலை குறைந்த வெள்ளைத் துணியின்மேல் இடம்விட்டு இடம்விட்டு வைத்துத் தைத்தார்கள். கைக்குக் கிடைத்த சிறு அளவுப் பூத்துணி கட்டில் நிறையப் பூத்தது. இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் அந்த வேலைப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது கெஜ விலைதான். துணி மலிவாக இருந்திருந்தால் அந்தக் கலை பிறந்திருக்காது.

பிறகு துணி மலிந்தது. எப்படி மலிந்தது என்பதில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் இயந்திரத்துக்கு எலை விட்னி 1794இல் காப்புரிமை பெற்றார். கைவேலை குறையும் என்று நினைப்போம். நடந்தது வேறு. கொட்டை நீக்குவது விரைவானதும் பருத்தி பயிரிடும் நிலம் பெருகியது, பறிக்க ஆள் வேண்டியிருந்தது, அடிமைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். 1860இல் அமெரிக்கா விளைவித்த பருத்தி ஏறத்தாழ 40 லட்சம் பேல். அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். வடக்கே மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டிலும் ஆலைகள் இந்தப் பருத்தியை நூற்று, நெய்து, பூப்போட்டு, நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தன. சதுரமும் முக்கோணமும் நட்சத்திரமுமாகத் துண்டுகளை இணைக்கும் குவில்ட் வீட்டுக்கு வீடு பரவியது 1840களை ஒட்டிய இந்தக் காலத்தில்தான். அதே ரோட் ஐலண்ட் ஆலைகள் அடிமைகளுக்கென்றே ஒரு முரட்டுத் துணியையும் நெய்து தெற்கே அனுப்பின. பூத்துணிக்கான பஞ்சைப் பறித்தவர்களின் உடம்புக்கு வந்தது அந்தத் துணி.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு 'மலிவான துணி எங்கே கிடைக்கும்' என்ற கேள்வியை என்னால் அப்படியே கேட்க முடிவதில்லை. துணியின் விலை குறையும்போது செலவு மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் தலையில் ஏறுகிறது.

ஹேரியட் பவர்ஸின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு சிறு நிலத்தில் குடும்பத்தோடு பாடுபட்டார். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய குவில்ட் 1886இல் அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரத்தில் நடந்த பருத்திச் சந்தையில் காட்சிக்கு இருந்தது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து விலைக்குக் கேட்டார். என்ன கொடுத்தாலும் விற்பதில்லை என்றார் பவர்ஸ். சில ஆண்டுகளில் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தது. பவர்ஸே குவில்டை எடுத்துக்கொண்டு போனார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித்தால் கொடுக்க முடிந்தது ஐந்து. கணவர் சொன்னதைக் கேட்டு ஐந்துக்கே கொடுத்தார். ஒவ்வொரு காட்சிக்கும் என்ன பொருள் என்று விளக்கிவிட்டுத்தான் கொடுத்தார், பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே சில முறை அந்த வீட்டுக்குப் போய்வந்தார். அவர் சொன்னதை ஸ்மித் எழுதிவைத்ததால் இன்று நமக்குத் தெரிகிறது. அந்தக் குவில்ட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில். துணிக்கு விலை சொல்லக் கடை இருக்கிறது. தைத்த கைக்கு விலை சொல்லும் இடத்தில் அவருக்குக் கிடைத்தது கேட்டதில் பாதி.

அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலம் இருக்கிறது. கீஸ் பெண்ட் என்று பெயர். 1845இல் மார்க் பெட்வே என்பவர் அந்தப் பருத்தித் தோட்டத்தை வாங்கினார். அவருடைய அடிமைகள் வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்கே கொண்டுவரப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே குத்தகைக்கு உழுதார்கள், பலருக்கும் பெயரின் கடைசியில் பெட்வேதான். 1932இல் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும் அவருடைய குடும்பத்தார் ஆட்களை அனுப்பி மாடு, கலப்பை, கோழி, சோளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். வாழ்நாள் முழுவதும் பருத்தி பறித்த அந்தப் பெண்களிடம் புதுத்துணி வாங்கக் காசில்லை. கொட்டை நீக்கும் ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த அழுக்குப் பஞ்சை அள்ளிவந்து, கழியால் அடித்துத் தூசி போக்கி, போர்வைக்குள் விரித்தார்கள். மேலே வைக்க உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளும் மேலுடுப்புகளும் மாவு மூட்டைகளும்.

அந்தப் போர்வைகளைப் படத்தில் பார்த்தால்கூட மூச்சு ஒரு கணம் நின்றுதான் வருகிறது. வெளுத்த நீல டெனிமின் நடுவே ஒரு கருநீலச் சதுரம் இருக்கும். சாயமிட்டது அல்ல, பையைப் பிரித்தெடுத்த இடம். வெயிலும் வியர்வையும் படாமல் பைக்கு அடியில் தங்கிய பழைய நிறம். முழங்கால் தேய்ந்த இடம், மண் கறை ஏறிய இடம் எல்லாமே கோலத்தில் பங்குபெறுகின்றன. 1942இல் கணவர் இறந்த பிறகு மிசௌரி பெட்வே அவருடைய வேலைத் துணிகளையெல்லாம் பிரித்து ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் போர்த்திப் படுத்துக்கொள்ளத்தான் அம்மா தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். துணியின் விலை என்று அங்கே ஏதாவது இருந்தால், அதை அந்த மனிதர் வயலில் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தார்.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகமும் இந்தக் குவில்டுகளைச் சுவரில் மாட்டின. 2006இல் பத்து அஞ்சல்தலைகள் வந்தன. உலகம் கொண்டாடியது. கொண்டாட்டத்தோடு சேர்ந்து, பாருங்கள், ஒன்றுமில்லாமலே இவ்வளவு அழகு செய்யலாம் என்று ஏழைகளுக்குப் பாடம் எடுக்கிற குரலும் வந்தது. அதை நான் ஏற்பதில்லை. கீஸ் பெண்டில் குவில்ட் தைத்த லொரெட்டா பெட்வே தனக்குத் தையல் பிடிக்கவே இல்லை, வீட்டுக்குள் குளிர் புகுந்ததால் தைக்க வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். அடுக்கடுக்காகப் போர்த்தினால்தான் அந்தப் பலகை வீடுகளில் பிள்ளைகள் உறங்க முடியும். நைந்த குவில்டைக் கொசு விரட்டக் கொளுத்தியும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கும் புதுத்துணி வேண்டியிருந்தது. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து சுதந்திரக் குவில்ட் கூட்டுறவை அமைத்தார்கள். வாக்குரிமை கேட்டதற்காக வேலையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் அவை. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்குப் போயின. அதுவரை நீலமும் சாம்பலுமாக இருந்த குவில்டுகளில் திடீரென்று மஞ்சள் பொங்குகிறது, சிவப்பு எரிகிறது, இலைப்பச்சை படர்கிறது. தடித்த துணி, மணிமணியாக ஓட்டத் தையல் போட முடியாது. அதனால் பெரிய பெரிய கட்டங்களாகவே விட்டார்கள். வறுமையால் மட்டும் அவர்கள் கலைஞர்கள் ஆனார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தக் கார்டுராய் குவில்டுகளின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும். நல்ல துணி கிடைத்ததும் அந்தக் கைகள் இன்னும் துணிந்தன.

மாவு மூட்டைக் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்த கதை. 1920களிலிருந்தே ஆலைகள் மாவையும் கோழித் தீவனத்தையும் பூப்போட்ட பருத்திப் பைகளில் அடைத்து விற்றன. 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேல் துணி. பையைத் தைத்த நூலைக்கூடச் சுற்றிவைத்துக்கொண்டார்கள். தீவனம் வாங்கப் போகும் கணவரிடம் மாதிரித் துண்டைக் கொடுத்து, இதே பூவில் இன்னும் இரண்டு மூட்டை என்று சொல்லி அனுப்பினார்கள். காகிதப் பை வந்ததும் அது முடிந்தது. அந்த மூட்டைப் பூக்களை அப்படியே நகலெடுத்து அச்சிட்ட துணி இன்று கெஜம் 12 டாலருக்குக் கிடைக்கிறது.

இன்றைக்கு என்ன செய்யலாம்? இது வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு பெண்ணுக்கு ஊசியைக் கீழே வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி. பழைய துணிக் கடைகளின் ஆண்கள் சட்டை வரிசைதான் என் பதில். பானி ஹண்டர் என்ற குவில்ட் ஆசிரியர் பல ஆண்டுகளாக இதைச் சொல்லியும் செய்துகாட்டியும் வருகிறார். பெரிய அளவுச் சட்டை ஒன்றைத் தையல் ஓரங்களில் வெட்டி விரித்தால், முதுகும் இரண்டு முன்பக்கமும் இரண்டு கையும் சேர்ந்து ஒரு கெஜத்துக்கு நெருங்கி வரும். காலரும் கைப்பட்டியும் உதவாது, உள்ளே விறைப்புத்துணி ஒட்டியிருக்கும். பொத்தான்களை எடுத்துக்கொள்ளலாம். நூறு சதவீதம் பருத்தி என்று பட்டை இல்லாவிட்டால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்க வேண்டும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். படுக்கை விரிப்பு பெரிய துணிதான், ஆனால் நெருங்கிய நெசவாக இருந்தால் கை ஊசி இறங்காது. இயந்திரத்தில் தைப்பவர்களுக்குச் சரி.

அந்தச் சட்டையின் பட்டையில் வங்கதேசம் என்றோ இந்தியா என்றோ இருக்கும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். நம் திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிக்குள் அடைபட்டு வேலை செய்த பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, இடையில் நின்றால் அது இல்லை. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாகப் பெயரும் வைத்தார்கள். சீனாவின் சின்ஜியாங் பருத்தியில் கட்டாய உழைப்பு கலந்திருக்கிறது என்று அமெரிக்கா போட்ட இறக்குமதித் தடைச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டையை எடுப்பதால் இவையெல்லாம் நேராகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அந்தத் துணிக்காக இன்னொரு முறை யாரும் வதைபட வேண்டியதில்லை, அவ்வளவுதான். புதுத்துணி வாங்கினால் நியாயமான கூலி சேர்ந்த விலைக்கு வாங்க வேண்டும், முடியாதபோது ஏற்கெனவே நெய்தாகிவிட்ட துணியைத் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், யாரோ ஒருவரின் வயிற்றில் அடித்து மலிந்த புதுத்துணி எனக்கு வேண்டாம்.

நெய்தாகிவிட்ட துணி அமெரிக்காவில் மலைமலையாக இருக்கிறது, பெரும்பாலும் வீடுகளுக்குள்ளேயே. முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தைத்த பெண்கள் பிடித்த துணியையெல்லாம் கண்ட இடத்தில் வாங்கிச் சேர்த்தவர்கள். ஒரு அறை நிறைய, சிலர் வீட்டில் நிலவறை நிறைய, நிறவாரியாக மடித்து வைத்திருப்பார்கள். அவர்கள் காலமானதும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரிவதில்லை. வீட்டை விற்கும் அவசரத்தில் குப்பை வண்டிக்குப் போய்விடுகிறது. கெஜம் நாலு டாலருக்கும் ஆறு டாலருக்கும் வாங்கி வைத்த, இன்றைக்கு அந்த விலைக்குக் கிடைக்காத கனத்த நெசவு அது.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு அண்டை வீட்டம்மா இருப்பார். அவருடைய வீட்டைக் காலி செய்யும்போது உதவிக்குப் போனால், துணிப் பெட்டிகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் குவில்ட் சங்கம் இருக்கிறது, எங்கே கூடுகிறார்கள் என்பதை நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலான சங்கங்கள் வாங்கிக்கொண்டு எடைக்கோ கைநிறையக் கணக்கிலோ குறைந்த விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்கும், மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் போர்வை தைக்கவும் பயன்படுத்தும். பாதி தைத்து நின்றுபோன கட்டங்கள் கிடைத்தால் அவற்றையும் பிரிக்காமல் கொடுங்கள், முடித்துக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், வெள்ளையோடு ஈரமாக இருக்க விட வேண்டாம். கடையில் கொடுத்த விலைச்சீட்டு துணியில் குத்தியிருந்தால் எடுக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் கெஜம் என்ன விலைக்கு விற்றது என்பதை அடுத்து வாங்குகிறவரும் பார்க்கட்டும்.